முதல் வரைவைக் காட்டாமல் வைத்திருப்பது

திண்டுக்கல்லில் ஒரு கடைக்காரரிடம் பளபளப்பாக ஒன்றைக் காட்டிவிட்டால் அதோடு அவர் பேச்சு நின்றுவிடும். “நல்லா இருக்கு தம்பி, போட்டுருங்க” என்பார். அதில் பாதி மரியாதை. மீதி, நமக்குத் தெரியாத துறையில் எப்படிக் குறை சொல்வது என்ற தயக்கம். கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் இணையதளம் வடிவமைத்துத் தருவது என் தொழில். ஏஐ உதவியாளர்கள் வந்தபின் இந்த வேலை பல மடங்கு வேகமாகிவிட்டது. அந்த வேகம் எனக்கு மனதாரப் பிடித்திருக்கிறது. ஆனால் அது கொண்டுவந்து நீட்டும் முதல் வரைவை நான் வாடிக்கையாளரிடம் காட்டுவதில்லை.

முன்பெல்லாம் ஒரு முகப்புப் பக்கத்தின் மாதிரியைக் கணினியில் செய்து முடிக்க நாட்கள் பிடிக்கும். அதனால் முதலில் வெள்ளைத்தாளில் பென்சிலால் கட்டங்கள் போட்டு, இங்கே படம், இங்கே விலை, இங்கே போன் நம்பர் என்று காட்டுவோம். கோணல்மாணலான அந்தத் தாளைப் பார்த்ததும் கடைக்காரருக்குத் துணிச்சல் வந்துவிடும். பென்சிலை வாங்கி அவரே ஒரு கோடு போடுவார். “விலைய எதுக்குப் போடுறீங்க, அது தினம் மாறும்ல?” என்று கேட்பார். தளத்தின் உயிர் அந்தப் பேச்சில்தான் இருந்தது. 2021இல் நிரல் எழுத உதவும் கோபைலட் வந்தது. 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. அடுத்த ஆண்டு கிளாடும், பின்னால் ஜெமினி என்று பெயர் மாறிய பார்டும் வந்தன. இப்போது நாலு வரி சொன்னால் போதும். படம், பொத்தான், நிழல், அசைவு எல்லாம் சேர்ந்த முழுப் பக்கம் டீ ஆறுவதற்குள் வந்துவிடுகிறது. பார்க்கவும் நன்றாகவே இருக்கிறது. சிக்கலே அந்த நன்றாக இருப்பதில்தான். இலை போட்டு எல்லாவற்றையும் பரிமாறி முடித்தபின், எனக்கு இது சேராது என்று எந்த விருந்தாளி வாய் திறப்பார்?

பூட்டை எடுத்துக்கொள்வோம். நாகல்நகர், நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டிப் பக்கம் இன்றும் கையால் பூட்டுச் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. மாங்காய்ப் பூட்டு, சாவியைத் திருப்பினால் மணியடிக்கும் பூட்டு, அலமாரிப் பூட்டு, கோயில் கதவுக்கென்று செய்யும் பெரிய பூட்டு என்று வகைகள் பல. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அலிகரிலிருந்து வரும் இயந்திரப் பூட்டு விலையில் இதை அடித்துவிடும் என்பது ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட ஒரு பட்டறைக்குத் தளம் வேண்டும் என்று உதவியாளரிடம் சொன்னால் என்ன வரும்? மேலே அகலமான படம், அதன்மேல் ‘உங்கள் பாதுகாப்பே எங்கள் லட்சியம்’, கீழே மூன்று கட்டங்களில் தரம், நம்பிக்கை, சேவை, அதற்கும் கீழே வாங்கும் பொத்தான். உலகத்தில் எந்தப் பூட்டுக்கடைக்கும் அது பொருந்தும். இந்தப் பட்டறைக்கு மட்டும் உரியது என்று சொல்ல அதில் ஒன்றும் இருக்காது.

தாளும் பென்சிலுமாகப் போய் உட்கார்ந்தால் வேறு ஒன்று வரும். ஒரு பட்டறைக்காரர் எனக்குச் சொன்னது இது: “வாங்க வர்றவுக மொதல்ல பூட்டக் கையில தூக்கி எடை பாப்பாக. அப்புறம் சாவியப் போட்டுத் திருப்பிச் சத்தங் கேப்பாக. அதுக்கப்புறந்தான் வெல.” வடிவமைப்பு முழுவதும் இந்த மூன்று வாக்கியத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பூட்டின் படத்துக்கும் பக்கத்திலேயே எடை கிராமில். அதற்கு அடுத்து ஒரு சின்னப் பொத்தான்; தொட்டால் சாவி திரும்பும் சத்தமும் மணியும் கேட்கும். பிறகு எத்தனை லீவர், எத்தனை சாவி, மாற்றுச் சாவி போட முடியுமா முடியாதா. விலை கடைசியில். கோயிலுக்கும் குடோனுக்கும் பூட்டுக் கேட்பவர்கள் கதவின் கனத்தையும் நாதாங்கியின் அளவையும் சொல்லியாக வேண்டும் என்பதால் அதற்குத் தனிப் படிவம். நாதாங்கியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழியும் அதிலேயே இருக்கும்.

இவ்வளவும் தெரிந்தபின் உதவியாளரிடம் போகும்போது அது அற்புதமாக வேலை செய்கிறது. சத்தம் கேட்கும் பொத்தானை, பக்கம் திறந்ததும் தானாக ஒலிக்காதபடியும், ஒரு பூட்டின் சத்தம் ஓடும்போது இன்னொன்றைத் தொட்டால் முதலாவது நிற்கும்படியும், பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைச் சரியாகச் சொல்லும்படியும் எழுதித் தருகிறது. முன்பு நான் அரை நாள் முட்டிமோதும் வேலை அது. படிவத்தில் ஒருவர் அளவை அங்குலத்தில் போட்டாலும் மில்லிமீட்டரில் போட்டாலும் புரிந்துகொள்ளும் பகுதியும் அப்படித்தான். கைவேலையில் மிச்சமாகும் நேரத்தைக் காதுக்குக் கொடுக்கிறேன். கணக்கு அவ்வளவுதான்.

அந்தக் காது வேலைக்கும் ஏஐ துணை உண்டு. கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, பேச்சைப் போனில் பதிவு செய்துகொள்வேன். பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் செய்தி வாசிப்பவரின் தமிழை நன்றாகப் பிடிக்கின்றன. பட்டறையில் அரம் ஓடும் சத்தத்துக்கு நடுவே வரும் நம்மூர்த் தமிழில் தடுமாறுகின்றன. அதனால் எழுத்தாகி வந்ததைப் பதிவோடு ஒப்பிட்டு நானே திருத்துகிறேன். இது அலுப்பான வேலைதான்; ஆனால் இரண்டாம் முறை கேட்கும்போதுதான் முதல்முறை காதில் விழாதது விழும். திருத்திய பிரதியை உதவியாளரிடம் கொடுத்து, வாங்குபவர்கள் கேட்பதாக இவர் சொன்னவை எவை, இவர் பெருமையாகச் சொன்னவை எவை, இவருக்குக் கவலை தருபவை எவை என்று பிரித்துத் தரச் சொல்வேன். சொன்னதில் இல்லாத எதையும் சேர்க்காதே என்பதைத் தனி வரியாகப் போடுவேன். கடைசியாக ஒரு கேள்வி: ‘இந்தப் பேச்சைப் படித்தபின், வாங்க நினைக்கும் ஒருவருக்கு இன்னும் என்னென்ன தெரியாமல் இருக்கும்?’ உதவியாளரிடம் நான் கேட்பவற்றிலேயே அதிகப் பயன் தருவது இதுதான். பழுதானால் யார் சரிசெய்வார், மழையில் துருப்பிடிக்குமா, வெளியூருக்கு அனுப்பும்போது சாவி தனியாக வருமா சேர்ந்து வருமா என்று நான் கேட்க வேண்டியிருந்தவற்றை வரிசையாக எழுதிக் கொடுக்கும். அந்தத் தாளோடு மறுபடியும் பட்டறைக்குப் போவேன். பதில்களை அதுவே எழுதித் தரவும் தயாராகத்தான் இருக்கும். அதற்கு நான் இடம் கொடுப்பதில்லை.

ஏனென்றால் அது இல்லாததை எழுதும். ‘10,000க்கும் மேற்பட்ட மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்’ என்று எழுதும். மூன்று பேர் பெயரோடு பாராட்டுரை எழுதும்; அந்த மூன்று பேரும் பிறக்காதவர்கள். கடை தொடங்கிய ஆண்டைத் தானே முடிவு செய்யும். வார்ப்புருக்களில் காலங்காலமாக இருந்த பொய்தான் இது. இப்போது நல்ல தமிழில் வருவதால் நம்பும்படி இருக்கிறது. என் தளங்களில் எந்த எண்ணும் உரிமையாளர் வாயிலிருந்தோ அவர் பில் புத்தகத்திலிருந்தோ வந்ததாக இருக்க வேண்டும். இன்னொன்றையும் குறிப்பாகச் சொல்ல வேண்டும். திண்டுக்கல் பூட்டு, சிறுமலை மலைவாழைப்பழம், பழனி பஞ்சாமிர்தம் என்று இந்த மாவட்டத்தில் குறியீடு பெற்ற பொருட்கள் பல. எதைப் பற்றிக் கேட்டாலும் உதவியாளர் தாராளமாக ஒரு புவிசார் குறியீட்டு முத்திரையைப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி பொருளுக்குக் குறியீடு கிடைத்தால் மட்டும் போதாது. விற்பவரும் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கண்ணால் பார்க்காமல் அந்த முத்திரையை நான் ஏற்றுவதில்லை. சான்று இல்லாதவர்களிடம், பதிவு செய்துகொள்ளுங்கள் அண்ணே என்று சொல்லிவிட்டு வருவேன். சிலர் செய்கிறார்கள்.

தமிழ் எழுத்து பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்க உதவியாளர் எழுதும் சிஎஸ்எஸ் நிரல் ஆங்கிலத்தை மனதில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. தலைப்புக்கு வரி உயரம் 1.1 அல்லது 1.2 என்று போடும். ஆங்கிலத்துக்கு அது அழகு. தமிழில் மேல்வரியின் கூவும் ழுவும் கீழே தொங்க, கீழ்வரியின் கீயும் டியும் மேலே எழும்ப, இரண்டும் முட்டிக்கொள்ளும். தலைப்புக்கு 1.5, உடல் எழுத்துக்கு 1.7 என்று நான் வைத்திருக்கிறேன். பொத்தானுக்குக் குறிப்பிட்ட அகலம் போட்டால் நம் சொற்கள் அதற்குள் அடங்காது; உள்ளடக்கத்துக்கு ஏற்ப விரிய வேண்டும், தேவைப்பட்டால் இரண்டு வரியாக மடங்க வேண்டும். சாய்வெழுத்து தமிழ் அச்சு மரபில் வேரூன்றியதல்ல. எழுத்துருவில் சாய்வு இல்லாதபோது பிரவுசர் தானாகச் சாய்த்துக் காட்டுவது பார்க்கவே கண்ணை உறுத்தும். அழுத்தம் வேண்டுமென்றால் தடிமனோ நிறமோ போதும்.

இதைவிட மோசமானது நறுக்குவது. பொருளின் பெயர் நீளமாக இருந்தால் நாற்பதாவது இடத்தில் வெட்டி மூன்று புள்ளி போடும் நிரலை உதவியாளர் வழக்கமாக எழுதித் தரும். கணினிகளின் பொது எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘பூட்டு’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து; கணினிக்கு ஆறு குறியீடுகள். நடுவில் வெட்டினால் கால் போன எழுத்தும் புள்ளி இழந்த மெய்யும் திரையில் நிற்கும். வாடிக்கையாளர் பெயரின் முதலெழுத்தை வட்டத்துக்குள் காட்டும் வசதியிலும் இதே கதை. ‘சி’ என்று வர வேண்டியது ‘ச’ என்று வந்து நிற்கும். இதற்குப் பிரவுசர்களிலேயே செக்மென்டர் என்ற வசதி இருக்கிறது. முழு எழுத்தாகப் பார்த்து வெட்டும். 2024 முதல் முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றிலும் அது வந்துவிட்டது. அதைப் பயன்படுத்து என்று ஒரு வரி சொன்னால் உதவியாளர் உடனே சரியாக எழுதுகிறது. அறிவு அதனிடம் இருக்கிறது. கேட்காமல் எடுத்து நீட்டுவதில்லை.

கேட்க வேண்டியவற்றையெல்லாம் நான் ஒரு நிரந்தரக் குறிப்பாக எழுதி வைத்திருக்கிறேன். எந்த வேலை தொடங்கினாலும் அந்தக் குறிப்பு முதலில் போகும். வரி உயரம், நறுக்காமை, சாய்க்காமை, தொகையை 1,00,000 என்று நம் முறையில் காற்புள்ளி இட்டுக் காட்டுவது, பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் அறிவிப்பது, எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவே குறைந்தது 4.5க்கு 1 என்ற மாறுபாடு, இவ்வளவும் அதில் உண்டு. ஸ்ரீ என்ற எழுத்துக்கும் தனி வரி உண்டு. நம்மூரில் எத்தனை கடைப் பெயர்கள் ஸ்ரீயில் தொடங்குகின்றன என்று கடைவீதியில் ஒரு நடை நடந்தால் தெரியும். யூனிகோடில் அதைப் பழைய முறையில் ‘ஸ’ கொண்டும் எழுதலாம்; 2005இல் சேர்ந்த ‘ஶ’ கொண்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தேடினால் ஒன்று மற்றொன்றைக் கண்டுபிடிக்காது. ‘ஔ’ என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் தட்டுவதும் இப்படித்தான். தேடல் பெட்டிக்குப் பின்னால் இவற்றை ஒன்றாக்கும் சிறு நிரலை ஒருமுறை எழுதவைத்துவிட்டேன். இப்போது எல்லாத் தளத்துக்கும் அது போகிறது.

பழைய கோப்புகள் ஒரு தனி உலகம். இங்குள்ள டிடிபி கடைகளில் செய்த விலைப்பட்டியல், கல்யாண மண்டப விதிமுறை, கோயில் தலவரலாறு எல்லாம் பாமினி, வானவில் போன்ற, ஆளுக்கொரு குறியீட்டு முறை வைத்திருந்த எழுத்துருக்களில் இருக்கும். 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றியபோதும், 1999இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி எழுத்துக் குறியீட்டையும் விசைப்பலகையையும் ஒழுங்குபடுத்த முயன்றபோதும் இந்தக் குழப்பத்தைத்தான் எதிர்கொண்டார்கள். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றபின்னும் கடைகளின் பழைய வட்டுகளில் பழைய எழுத்து அப்படியே உறங்குகிறது. பழைய முறையில் ஒற்றைக்கொம்பை முதலில் தட்டி எழுத்தைப் பின்னால் தட்டுவார்கள். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பின்னால். இந்த இடமாற்றத்தைச் செய்யும் நிரலை உதவியாளர் எழுதித் தந்தபோது, முன்பு உட்கார்ந்து திரும்பத் தட்டிய பக்கங்கள் நினைவுக்கு வந்து எனக்கு நெஞ்சு லேசானது. ஆனாலும் ஊர்ப்பெயர், ஆள்பெயர், எண் மூன்றையும் அச்சுப்பிரதியோடு கண்ணால் ஒப்பிட்டாக வேண்டும்.

தமிழில் பேசினால் இந்த உதவியாளர்கள் மெதுவாகவும் செலவாகவும் இருப்பதற்கும் எழுத்துக் குறியீடுதான் வேர். ‘பூட்டு’ என்ற சொல்லின் ஆறு குறியீடுகளும் தலைக்கு மூன்று பைட் என்று பதினெட்டு பைட் எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தை அதிகம் படித்துப் பழகிய கருவி அதைச் சில்லுச் சில்லாக உடைத்துத்தான் உள்ளே வாங்கும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளியானபோது, எடுத்துக்காட்டாகக் காட்டிய தமிழ் வரி 116 துண்டுகளிலிருந்து 35 துண்டுகளாகக் குறைந்திருப்பதாக ஓபன்ஏஐ சொன்னது. அந்த முன்னேற்றத்தை என் மேசையிலேயே உணர முடிந்தது. நிரல் பற்றிய உத்தரவுகளை இன்றும் ஆங்கிலம் கலந்துதான் கொடுக்கிறேன்; தளத்தில் வரும் எழுத்தைப் பற்றிப் பேசும்போது தமிழிலேயே பேசுகிறேன். அப்போதுதான் கடைக்காரர் பேசிய வாசம் கொஞ்சமாவது ஒட்டும்.

மதுரைச் சாலையில் சின்னாளபட்டி இருக்கிறது. அங்கே சுங்குடிச் சேலைக்குத் தளம் செய்வதென்றால் படம்தான் எல்லாம். சுங்குடிப் புள்ளி என்பது துணியைக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் முடிச்சை அவிழ்க்கும்போது தெரிவது. கையால் கட்டியதால் ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது. ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் சாயம் கொஞ்சம் கசிந்த ஒரு துளி இருக்கும். படத்தைத் தெளிவாக்கித் தருகிறேன் என்று வரும் ஏஐ கருவியிடம் அந்தச் சேலையைக் கொடுத்தால் புள்ளிகளை எல்லாம் ஒரே அளவாக்கி, கசிவைத் துடைத்து, அச்சுத்துணி போல ஆக்கிவிடும். வாங்குபவர் எதற்காகக் கூடுதல் விலை கொடுக்கிறாரோ அதையே அழித்துவிடும். அதனால் பொருளின் படத்தைச் சீராக்க ஏஐயை நான் தொடவிடுவதில்லை. காலை வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் படமெடுப்பேன். பிறகு அந்தத் தாள் திரையில் வெள்ளையாகத் தெரியும் அளவுக்கு மட்டும் நிறத்தைச் சரிசெய்வேன். முடிச்சு தெரிய ஒரு நெருக்கப் படம் கட்டாயம். படத்துக்குப் பின்னால் இருக்கும் விவரிப்பு வரிகளை, பார்வையற்றவர்களுக்கும் தேடுபொறிக்குமானவற்றை, உதவியாளர் நூற்றுக்கணக்கில் எழுதித் தருகிறது. அவற்றைப் படித்துத் திருத்த வேண்டும். மாங்காய்ப் பூட்டைப் பார்த்து இதய வடிவப் பூட்டு என்று அது எழுதியிருக்கும். ஊருக்குள் இருப்பவர் கண்ணில்தான் அது மாங்காய்.

எங்கே ஏஐயைச் சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்வதும் வடிவமைப்புதான். நிலக்கோட்டைப் பூச்சந்தையில் மல்லிகை விலை ஒரே நாளில் ஏறி இறங்கும். முகூர்த்த நாளில் கேட்கவே வேண்டாம். ஒரு பூ வியாபாரிக்கு அன்றன்றைய விலையைக் காட்டும் ஒற்றைப் பக்கம் தேவைப்பட்டது. அவர் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்ப, ஏஐ அதைக் கேட்டு விலையைப் பக்கத்தில் ஏற்றும்படி செய்துவிடலாம். செய்து காட்டினால் எல்லோரும் வியப்பார்கள். ஆனால் சந்தை இரைச்சலில் எழுநூறு எண்ணூறாகக் கேட்டால் அந்த நூறு ரூபாய் ஒரு விவசாயியின் கூடைமேல் விழும். அதனால் அவர் தன் விரலாலேயே எண்ணைத் தட்டும்படி, கட்டைவிரல் அகலத்துக்குப் பெரிய கட்டங்களாகப் படிவம் செய்தேன். நேற்றைய விலையைவிட ரொம்ப விலகியிருந்தால், இது சரிதானா என்று ஒருமுறை கேட்கும். விலைக்குப் பக்கத்தில் அது ஏறிய நேரமும் தெரியும். இதற்கான நிரலை எழுதியது உதவியாளர்தான். விலையை மட்டும் அது தொடுவதில்லை.

அந்தப் பக்கத்தைத் திறப்பவர்கள் விடியற்காலையில், விலை மலிவான போனில், சிறுமலை அடிவாரத்திலோ செம்பட்டி ரோட்டிலோ சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்திலிருந்து திறப்பார்கள். தாராளமாக விட்டால் உதவியாளர் ஒரு சின்னப் பட்டியலுக்குக்கூடப் பெரிய நூலகங்களை இழுத்துக்கொண்டு வரும். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் மட்டும், கூடியவரை வேறெதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். ஆண்ட்ராய்டு போனிலேயே நோட்டோ தமிழ் எழுத்துரு இருப்பதால் சிறிய தளத்துக்கு எழுத்துரு இறக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டதற்கு 200 மில்லிவிநாடிக்குள் பதில் வர வேண்டும் என்று கூகுள் வைத்திருக்கும் அளவுகளை நான் அலுவலகக் கணினியில் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வதில்லை. கடைக்காரரின் சொந்தப் போனில், பேருந்து நிலையத்தில் நின்று திறந்து பார்க்கிறேன். மெதுவாக இருந்தால் சோதனை அறிக்கையை உதவியாளரிடம் கொடுத்தால் போதும். எந்தப் படம் பெரிது, எந்த நிரல் வழியை அடைக்கிறது என்று பொறுமையாகச் சொல்லும். அந்தப் பொறுமைக்காக அதன்மேல் எனக்கு உண்மையான நன்றி இருக்கிறது. தனியாக வேலை செய்பவனுக்கு நள்ளிரவில் கேள்வி கேட்க ஆள் கிடைப்பது சிறிய விஷயமில்லை.

“எல்லாம் ஏஐயே பண்ணுதாம்ல தம்பி, அப்புறம் எதுக்கு இவ்வளவு?” என்று இப்போது கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பில்லில் நான் அதற்குப் பதில் எழுதிவிடுகிறேன். பக்கம் கட்டியதற்கான கூலியைக் குறைத்துவிட்டேன். அதில் மிச்சமான நேரத்தின் பலன் அவருக்கும் சேர வேண்டும். பட்டறைக்கு வந்துபோவது, பேச்சைக் கேட்டு எழுதுவது, படமெடுப்பது, ஒவ்வொரு வரியையும் எண்ணையும் சரிபார்ப்பது, ஓராண்டு பராமரிப்பு என்று மற்றவற்றைத் தனித்தனியாகப் போடுகிறேன். இந்த மாவட்டத்துக் கல்லூரிகளிலிருந்து வேலை பழக வரும் பிள்ளைகள், இனி நாங்கள் எச்டிஎம்எல் கற்க வேண்டுமா அண்ணா என்று கேட்கிறார்கள். கற்க வேண்டும், முன்பைவிட நன்றாகக் கற்க வேண்டும் என்பேன். என்னிடம் ஒரே விதி: உதவியாளர் எழுதிய நிரலில் எந்த வரியைக் காட்டிக் கேட்டாலும் அது என்ன செய்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். சொல்லத் தெரியாத வரி வாடிக்கையாளர் தளத்துக்குப் போகக் கூடாது. புரியவில்லையென்றால் அந்த வரியை அந்த உதவியாளரிடமே கேட்டுப் படிக்கலாம். எங்கள் காலத்தில் எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர்கள் கையில் முதலில் மடிக்கணினியைக் கொடுப்பதில்லை. பென்சிலும் தாளும் கொடுத்து ஒரு கடையில் அரைநாள் உட்காரவைக்கிறேன். வந்துபோகிறவர்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். நன்றாக எழுதிக்கொண்டு வந்த பிள்ளை நன்றாக உத்தரவும் எழுதுகிறது. இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

உதவியாளரிடம் கொடுக்கக் கூடாதவற்றையும் அப்போதே சொல்லிக்கொடுக்கிறேன். கடையின் வாடிக்கையாளர் பட்டியல், போன் எண்கள், கடவுச்சொல், வங்கி விவரம் எதுவும் உரையாடலுக்குள் போகக் கூடாது. படிவத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் பொய்ப் பெயர்களை அதையே உருவாக்கச் சொல்லலாம். தனிநபர் தரவைக் காக்க நம் நாட்டில் 2023இல் சட்டம் வந்துவிட்டது. அது வராவிட்டாலும், நம்பி நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டியவருக்கு நாம் காட்ட வேண்டிய மரியாதை இது.

தளம் முடிந்ததும் டொமைன் கடைக்காரர் பெயரில், அவருடைய மின்னஞ்சலில் பதிவாகும். என் பெயரில் ஒன்றும் இருக்காது. இரண்டு பக்கத் தாள் ஒன்றையும் கையில் கொடுப்பேன். விலையை மாற்றுவது எப்படி, படத்தைச் சேர்ப்பது எப்படி, எந்தத் தேதிக்குள் எதற்குப் பணம் கட்ட வேண்டும், பக்கத்தில் உள்ள ஒவ்வோர் எண்ணும் யார் சொல்லி எழுதியது, எந்தெந்தப் பகுதி உதவியாளரால் எழுதப்பட்டது, எந்த நிரந்தரக் குறிப்பைக் கொடுத்து எழுதவைத்தேன் என்று அதில் இருக்கும். நாளைக்கு என் இடத்தில் வேறு யார் வந்தாலும், அவர் கையில் எந்தக் கருவி இருந்தாலும், அந்தத் தாளை வைத்துக்கொண்டு வேலையைத் தொடரலாம்.